பாதி ஏறி நிற்கும் மரை

நட்டு மூன்று சுற்று கையாலேயே ஏறும். நான்காவது சுற்றில் இறுகும். துருவாக இருக்கும் என்று மண்ணெண்ணெய் விடுவோம். திரும்பத் திருகினால் கொஞ்சம் நகரும். பிறகு நீளமான ஸ்பானரைத் தேடுவோம். அந்த ஸ்பானரைக் கையில் எடுத்த நேரத்தில்தான் இந்தக் கரையோரத்தில் எத்தனையோ நல்ல பழைய சைக்கிள்கள் கெட்டுப்போயின. ஒன்றை நானும் கெடுக்கப் பார்த்தேன்.

மூத்தாப்பாவின் றலி அது. கல்முனைக்குடியிலிருந்து சம்மாந்துறை வயலுக்கு அவர் போய்வந்த வண்டி. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தபோது வீட்டுச் சாமான்களோடு அதுவும் போனது. சில நாள் கழித்து மணலுக்கு வெளியே ஹாண்டில் மட்டும் தெரிய, வாப்பா தோண்டி எடுத்தார். நல்ல தண்ணீரில் கழுவிக் கொட்டிலில் தொங்கவிட்டார். அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்களில் புதுச் சைக்கிள் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. அப்போதுதான் அதைக் கீழே இறக்கினோம்.

இடது பக்கக் கிராங் கப் வெடித்திருந்தது. கடையில் புதுக் கப் வாங்கி வந்தேன். மூன்று சுற்று ஏறியது. ஸ்பானரின் முனையில் ஒரு குழாயைச் செருகி நான் தயாராகும்போது, பக்கத்து வளவில் நாற்பது வருடம் சைக்கிள் திருத்தியவர் வேலிக்கு மேலால் பார்த்தார்.

"அத விடு மனே. அது ஏறல்ல, கடிச்சிட்டு நிக்கிது."

"துருவாக்கும் மாமா."

"துருவெண்டா முதல் சுத்துலயே காட்டும். மூணு சுத்து விட்டுட்டுப் பிடிச்சா மரை வேற."

இந்த அத்தியாயம் முழுவதற்கும் அவர் கடைசியாகச் சொன்னதுதான் அடிப்படை. துரு தொடக்கத்திலிருந்தே கரகரவென்று தடுக்கும், அல்லது ஒரே இடத்தில் பிடிக்கும். வேறு அளவு மரையோ முதலில் வழிவிட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப் பூட்டிக்கொள்ளும். காரணம் எளிய கணக்கு. இங்கிலாந்துத் தொழிற்சாலைகளில் பெரும்பாலானவை கிராங் கப்பை அங்குலத்துக்கு 24 மரை என்ற கணக்கில் வெட்டின. இன்று கடையில் கிடைக்கும் கப்பும் அதே 24. நொட்டிங்காமில் இருந்த றலி மட்டும் தன் வண்டிக்கு 26 வெட்டியது. 24 மரையில் ஒரு சுற்றுக்கு 1.06 மில்லிமீற்றர் உள்ளே போகும். 26 மரையில் 0.98 மில்லிமீற்றர். சுற்றுக்கு 0.08 விலகல். மூன்று சுற்றில் அது கால் மில்லிமீற்றர் ஆகிறது. மரையின் பல்லுக்குள் அவ்வளவுக்குத்தான் இடம் உண்டு. நான்காவது சுற்றில் இரும்பு இரும்பைக் கடிக்கிறது. குழாய் போட்டுத் திருகினால் கப் உள்ளே போகும்தான்; போகும் வழியில், கப் ஏறும் கிராங் கூட்டின் மரையை உரித்துக்கொண்டு போகும். கப் சில நூறு ரூபாய்ச் சாமான். கூடு உடம்போடு ஒட்டியது, அதை மாற்ற முடியாது.

ஆகவே நான் கடைப்பிடிக்கும் ஒழுங்கு இது. உடம்பிலும் முன் ஃபோர்க்கிலும் அரம் படக்கூடாது. பொருந்தவில்லை என்றால் மலிவான பக்கத்தை மாற்றுங்கள்: நட்டு, கப், பின், அச்சு. அறுபது வருடம் தாக்குப்பிடித்த பக்கத்தைத் தொடாதீர்கள்.

வண்டி எந்த வீட்டுப் பிள்ளை

பெயின்டும் ஸ்டிக்கரும் போன சைக்கிளை அடையாளம் காண செயின் வீலைப் பாருங்கள். கொக்குத் தலைகள் தெரிந்தால் றலி. விரித்த கை தெரிந்தால் றட்ஜ். கோத்து நிற்கும் மனித உருவங்கள் என்றால் ஹம்பர். ஹம்பரை றலி 1932இலும் றட்ஜை 1943இலும் வாங்கிவிட்டது. அதனால் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இலங்கைக்கு வந்த இந்த மூன்று பெயருக்கும் றலியின் 26 மரையையே எதிர்பாருங்கள். பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ், பிலிப்ஸ் மூன்றும் பேர்மிங்ஹாம் பக்கத்து வண்டிகள், 24 மரை. ஆனால் பி.எஸ்.ஏ. சைக்கிள் பிரிவு 1957இல் றலியிடம் போனது. ஹெர்குலிஸும் பிலிப்ஸும் 1960இல் றலியோடு ஒரே குழுமத்துக்குள் வந்தன. அறுபதுகளின் வண்டியில் பெயர் ஒன்றாகவும் உள்ளே சாமான் வேறொன்றாகவும் இருக்கலாம். இங்கே இந்திய ஹெர்குலிஸும் உண்டு. அது சென்னை அம்பத்தூரில் செய்தது. பெயரைப் பார்த்துச் சாமான் வாங்காதீர்கள். மரையை எண்ணிவிட்டு வாங்குங்கள்.

எண்ணுவதற்கு விலை கூடிய கருவி தேவையில்லை. வெளிமரை என்றால் ஒரு துண்டு வெள்ளைத் தாளை மரையின் மேல் அழுத்திப் பிடித்து, பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். கோடு கோடாகப் பதியும். அடிமட்டத்தின் அங்குலப் பக்கத்தை வைத்து அரை அங்குலத்துக்குள் எத்தனை கோடு என்று எண்ணுங்கள். பன்னிரண்டு என்றால் 24 மரை, பதின்மூன்று என்றால் 26. உள்மரை என்றால் சவர்க்காரம் வேண்டும். சலவைச் சவர்க்காரக் கட்டியிலிருந்து விரல் அகலத் துண்டொன்றை வெட்டி, வெயிலில் கொஞ்சம் இளக்கி, கூட்டின் உள்பக்கத்தில் பெருவிரலால் அழுத்தி, நேராக உள்ளே இழுத்து எடுங்கள். மரை அப்படியே அதில் இருக்கும். நான் மாமாவிடம் காட்டிய சவர்க்காரத் துண்டில் பதின்மூன்று கோடு இருந்தது. கடையில் வாங்கிய கப்பை அதன் மேல் வைத்தோம். முதல் மூன்று பல்லும் சரியாக உட்கார்ந்தன, அதற்குப் பிறகு பல் பல்லின் மேல் ஏறி நின்றது.

கிராங் கூடு

றலியின் கூடு மரையில் மட்டுமல்ல, அகலத்திலும் வேறு. மற்ற இங்கிலாந்து வண்டிகளில் 68 மில்லிமீற்றர். றலியில் பெரும்பாலும் 71, சிலதில் 76. ஆகவே கடையில் கிடைக்கும் கிராங் அச்சைப் போட்டால், குண்டு ஓடும் தோள் இரண்டும் கப்புக்கு எட்டாமல் உள்ளே ஒடுங்கிவிடும். இடது கப்பை அளவுக்கு மீறி உள்ளே திருக வேண்டிவரும். பூட்டு வளையத்துக்கு மரை மிஞ்சாது. அச்சை வாங்கும்போது முழு நீளத்தை அளக்காதீர்கள். இரண்டு தோளுக்கும் இடைப்பட்ட தூரத்தைப் பழைய அச்சோடு பக்கத்துக்குப் பக்கம் வைத்து ஒத்துப்பாருங்கள்.

வலது கப் இறுகியே இருக்கும் கப். டோர்ச் அடித்து, தீர்ந்துபோன போல்பொயின்ட் பேனாவின் முனையால் குண்டு ஓடிய பாதையைத் தடவிப் பாருங்கள். முனை வழுக்கிக்கொண்டு போனால் அந்தக் கப்பைக் கழற்றவே வேண்டாம். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினால் போதும். முனை குழியில் விழுந்து எழும்பினால் மட்டும் கழற்றுங்கள். அங்கே எதிர்மரை. மணிக்கூட்டு முள் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். வாய் மெலிந்த கப் என்பதால் ஸ்பானர் வழுக்கும். ஒரு தடித்த போல்ட்டைக் கூட்டின் உள்ளிருந்து கப்பின் துளை வழியாக வெளியே விடுங்கள். உள்ளே ஒரு வாஷர், வெளியே ஒரு வாஷர், அதன் மேல் நட்டு. போல்ட்டின் தலையை இடது பக்கத்திலிருந்து பெட்டிச் சாவியால் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். கப் இரண்டு வாஷருக்கும் நடுவில் அகப்பட்ட பிறகு, பிடித்த சாவியை விட்டுவிட்டு, அதே இறுக்கும் திசையில் தொடர்ந்து திருப்புங்கள். எதிர்மரை என்பதால், நட்டு இறுக இறுகக் கப் கழன்று வரும். இந்த வேலையை முதல்முறை செய்து முடித்தபோது எனக்கு வந்த சந்தோசத்தை இன்னும் மறக்கவில்லை.

26 மரைக் கப் புதிதாகக் கிடைக்குமா என்று தேடி அலைய வேண்டாம். செத்த றலி ஒன்றை வாங்குங்கள். பழைய இரும்பு வியாபாரியிடம், மீன் பெட்டி கட்டி ஓடி ஓடி உடம்பு முறிந்த வண்டியாக, லேடீஸ் சைக்கிளாக, எதுவாகவும் இருக்கட்டும். செயின் வீலில் கொக்குத் தலை இருந்தால், அல்லது கூட்டில் பதின்மூன்று கோடு விழுந்தால், நிறுவைக்கு வாங்கிவிடுங்கள். கப், ஹெட் கப், பூட்டு நட்டு, முன் அச்சு எல்லாம் ஒரே நாளில் கைக்கு வரும்.

எங்கள் பக்கத்தில் நெல் ஆலைக்கும் உழவு இயந்திரத்துக்கும் வேலை செய்கிற லேத் பட்டறைகள் உண்டு. ஹெட்டின் மேலே வரும் பூட்டு நட்டை அங்கே 26 மரையில் வெட்டிக் கேட்கலாம். பழைய நட்டையோ ஃபோர்க்கையோ கையோடு கொண்டுபோங்கள். ஆனால் கப் வெட்டித் தரச் சொல்லாதீர்கள். குண்டு ஓடும் பாதை கடினமாக்கிய உருக்காக இருக்க வேண்டும். சாதாரண இரும்பில் கடைந்த கப் பார்ப்பதற்குப் புதிதாக மின்னும். குண்டு அதில் சீக்கிரமே வாய்க்கால் வெட்டிவிடும்.

குண்டுகளில் சிக்கனம் வேண்டாம். கிராங்கில் பக்கத்துக்கு 11 கால் அங்குலக் குண்டு. பழையதையும் புதியதையும் கலந்தால் புதியதுதான் கூடிய பாரத்தைத் தாங்கும். 22ஐயும் ஒன்றாக மாற்றுங்கள்.

கொட்டர் பின்

சைக்கிள் திருத்துகிறவரின் பொறுமை இந்தச் சின்னப் பின்னில்தான் தெரியும். மிதிக்கும்போது சுற்றுக்கு ஒரு தடவை "டொக்" என்று கேட்கிற எத்தனையோ பழைய வண்டிகளில் நோய் இதுதான்.

முதலில் தடிப்பு. றலியிலும் மற்ற இங்கிலாந்து வண்டிகளிலும் பின்னின் விட்டம் 9.5 மில்லிமீற்றர். கடையில் 9 மில்லிமீற்றர் பின்னும் கிடைக்கும். அது கிராங்கின் துளையில் ஆடும். துளையில் பின்னைத் தலைகீழாக, மரைப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு விட்டுப் பாருங்கள். ஆட்டம் இருக்கக்கூடாது.

இரண்டாவது, பின்னின் சாய்ந்த முகம். அச்சில் வெட்டிய தட்டை முகத்தின் மேல் இந்தச் சாய்வு முழுதாகப் படிய வேண்டும். கடையில் வாங்கிய பின்னின் சாய்வு வண்டிக்கு வண்டி சரிவராது. அதை அரத்தால் தீட்டித்தான் ஆகவேண்டும். எங்கே தீட்டுவது என்று கண்ணுக்குத் தெரியாது. அதற்கு விளக்குக் கரி. சிம்னி விளக்கின் திரியைக் கொஞ்சம் ஏற்றி, பின்னின் சாய்ந்த முகத்தைச் சுவாலைக்கு மேல் காட்டுங்கள். முகம் கறுப்பாகும். பின்னைத் துளைக்குள் விட்டு, விரலால் அழுத்தி, சுத்தியலால் இலேசாக ஒரு தட்டுத் தட்டி வெளியே எடுங்கள். கரி அழிந்து பளபளவென்று தெரிகிற இடம் மட்டும்தான் அச்சில் படுகிறது. முதல்முறை பார்த்தால் ஒரு ஓரத்தில் நெல்மணி அளவுக்குத்தான் பளபளப்பு இருக்கும். அந்த மணியை மட்டும் மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி கரி, மறுபடி விடு, மறுபடி பார். ஆறேழு தடவை போனால் பளபளப்பு முகத்தின் முக்கால் பங்குக்குப் பரவும். அங்கே நிறுத்துங்கள். என்னுடைய வலது பின்னுக்கு ஒன்பது தடவை பிடித்தது. அஸருக்குப் பிறகு தொடங்கி மஃரிப் பாங்கு சொல்லும்போது முடித்தேன்.

இரண்டு பின்னும் ஒரே சாய்வாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிராங் இரண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. ஒன்று மூன்று மணி காட்டும்போது மற்றது எட்டரை காட்டும். பின்களை எதிரெதிராகவும் விட வேண்டும். கிராங்கைக் கிடையாக வைத்துப் பார்த்தால் ஒன்றின் நட்டு மேலே, மற்றதன் நட்டு கீழே.

அடிக்கும்போது கிராங்கின் அடியில் ஒரு இரும்புக் குழாயை நிலத்திலிருந்து முட்டுக் கொடுங்கள். குழாயின் வாய் பின்னின் முனையைச் சுற்றி உட்கார வேண்டும். முட்டு இல்லாமல் அடித்தால் அந்த அடி குண்டுக்கும் கப்புக்கும் போய்க் குழி விழும்; இவ்வளவு நேரம் பார்த்துப் பார்த்துச் செய்த வேலை ஒரு அடியில் வீணாகும். நட்டை இழுத்துப் பின்னை இறுக்காதீர்கள், மரை அறுந்துவிடும். அடியால் இறுக்குங்கள், நட்டு அதைப் பிடித்துவைக்கட்டும். பழைய பின்னைக் கழற்றும்போது நட்டை முழுதாக எடுத்துவிடாமல் பின்னின் முனைக்குச் சமமாக வைத்து, நட்டோடு சேர்த்து அடியுங்கள்.

சக்கரம்

டயர் வாங்கப் போய் "இருபத்தெட்டு" என்று மட்டும் கேட்காதீர்கள். பழைய கம்பி பிறேக் வண்டியின் 28 × 1½ டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 635 மில்லிமீற்றர். 28 என்றே பெயர் சொல்லி வரும் ரேஸ் சைக்கிள் டயருக்கு 622. பதின்மூன்று மில்லிமீற்றரை இழுத்து ஏற்ற யாராலும் முடியாது. 26இல் இன்னும் குழப்பம்: 26 × 1⅜ என்றால் 590, மலைச் சைக்கிளின் 26 × 1.95 என்றால் 559. பின்னமாக எழுதியதும் தசமமாக எழுதியதும் ஒன்றல்ல. டயரின் பக்கச் சுவரில் 40-635 அல்லது 37-590 என்று இரட்டை எண் இருக்கும். அந்த இரண்டாவது எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

ரிம்மின் துளையை எண்ணாமல் வாங்கி வந்தவர்கள் நிறையப் பேர். இங்கிலாந்து வண்டிக்கு முன்னால் 32 கம்பி, பின்னால் 40. புதுச் சைக்கிள்களில் இரண்டிலும் 36 வருவதுதான் வழமை. 40 துளை ஹப்பை 36 துளை ரிம்மில் கோக்க வழி சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். நெல் மூடை ஏற்றும் பின்சக்கரம் அது. 32க்கும் 40க்குமான ரிம்கள் இந்தியாவில் இன்னும் செய்கிறார்கள். கம்பி பிறேக்கின் கட்டை ரிம்மின் உள்முகத்தில் வந்து அழுத்துகிறது. ஆகவே ரிம்மின் வளைவும் அந்தப் பழைய வடிவமாகவே இருக்க வேண்டும், தட்டைப் பக்க ரிம் உதவாது.

முன் சக்கரத்தில் வரும் தொல்லை அச்சின் தடிப்பு. றலியின் முன் அச்சு 5/16 அங்குலம், கிட்டத்தட்ட 8 மில்லிமீற்றர். ஃபோர்க்கின் வாயும் அதற்கேற்ற ஒடுக்கம். கடைச் சக்கரத்தின் 9 அல்லது 9.5 மில்லிமீற்றர் அச்சு அதில் நுழையாது. இங்கே எல்லாரும் அரத்தை எடுத்து ஃபோர்க் வாயை அகலமாக்குவார்கள். செய்யாதீர்கள். மெல்லிய அச்சும் அதற்கான கோனும் தேடிப் போடுங்கள். 8 மில்லிமீற்றர் மெல்லிய மரை நட்டு 5/16 அச்சில் ஏறும் என்பதையும் கவனியுங்கள்; ஏறும், ஆனால் பிடிப்பு குறைவு. முன் சக்கரத்தில் அதை நம்ப வேண்டாம்.

உங்கள் வண்டியில் ஸ்டேர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் இருந்தால் அதிர்ஷ்டம். ஹப்பின் மேலேயே செய்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் பொறித்திருக்கும். அதன் அச்சு 13/32 அங்குலம், அதாவது 10.3 மில்லிமீற்றர்; வேறு எந்த நட்டும் சேராது. பழைய நட்டைத் தொலைக்காதீர்கள். அதைவிட முக்கியம், அச்சு சுழலாமல் பிடிக்கும் கொக்கி வாஷர்கள். அவை இல்லாமல் பூட்டினால் அச்சு திரும்பி கியர்ச் சங்கிலியை முறிக்கும்.

மற்றவற்றுக்குப் பயமில்லை. பிறீவீலின் மரை 1⅜ அங்குலம், 24. இங்கிலாந்து ஹப்பில் இந்தியப் பிறீவீலும் ஏறும். செயின் அரை அங்குலம், எட்டிலொரு அங்குல அகலம். கியர்ச் சைக்கிளின் மெல்லிய செயின் மட்டும் வேண்டாம். பெடல் 9/16, இடது பெடல் எதிர்மரை. சீட் கம்பி கொஞ்சம் ஒல்லியாக வந்தால் சோடாக் கான் தகட்டைச் சுற்றுங்கள். அந்தத் தகடு ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர். துளை 25.4, கம்பி 25 என்றால் இரண்டு சுற்று.

கடல் உப்பு

எங்கள் ஊரில் காற்றே உப்பு. கடலில் முங்கிய வண்டி என்றால் உடம்புக் குழாய்க்குள்ளும் மணல் இருக்கும். கூட்டைத் திறந்ததும் உடம்பைத் தலைகீழாக்கி, தட்டித் தட்டி, நல்ல தண்ணீரை வேண்டிய மட்டும் ஓடவிடுங்கள். மூத்தாப்பாவின் வண்டியிலிருந்து ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறையக் கடல் மணல் கொட்டியது. வாப்பா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, பாவித்த எஞ்சின் எண்ணெயை உள்ளே ஊற்றிச் சுழற்றி வடியவிட்டோம்.

இறுகிய நட்டுக்கு கராஜில் பாவிக்கும் ஓட்டோமெட்டிக் கியர் எண்ணெயும் அசிட்டோனும் சம பங்கு கலந்து, தினம் இரண்டு சொட்டு, ஒரு கிழமை. அவசரப்பட்டவர்தான் மூலையை உருட்டுவார். பழைய நட்டின் முகம் அங்குல அளவு என்பதால் மில்லிமீற்றர் ஸ்பானர் பொருந்துவது போல இருந்து வழுக்கும். இடைவெளிக்குத் தகட்டுத் துண்டு செருகுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசினாகும். குரோமில் படிந்த துருவுக்கு சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும்.

பூட்டி முடித்த அன்று தூரம் போகாதீர்கள். கடற்கரை வீதியில் பள்ளிவாசல் வரை போய்த் திரும்பி வாருங்கள். வந்ததும் கிராங்கின் அடியில் குழாயை முட்டுக் கொடுத்து, இரண்டு கொட்டர் பின்னுக்கும் ஒவ்வொரு அடி கொடுத்து நட்டைத் திருப்பிப் பாருங்கள். கால் சுற்று ஏறும். அடுத்த நாளும் பாருங்கள், எட்டிலொரு சுற்று ஏறலாம். மூன்றாவது நாள் நட்டு அசையாவிட்டால் மூடை ஏற்றலாம்.